ஒரே நாளில் 26 மணி நேரம் உழைத்த கதை

2024 மார்ச் 8, வெள்ளிக்கிழமை. சிவராத்திரி. வீட்டில் எல்லோரும் நெல்லையப்பர் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வேட்டியைக் கட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தேன். ஹாம்பர்க் நகரிலிருந்து ஒரு மின்னஞ்சல். நான் ஒப்பந்த முறையில் நிரல் எழுதிக் கொடுக்கும் சிறிய நிறுவனத்தின் கணக்காளர் அம்மையார் நான்கே வரி எழுதியிருந்தார். பிப்ரவரியில் நீங்கள் 215 மணி நேரம் வேலை செய்ததாக நேரப்பதிவுத் தளம் காட்டுகிறது. ஒப்பந்தம் வாரத்துக்கு 25 மணி நேரத்துக்குத்தான். பிப்ரவரி 16 அன்று மட்டும் 26 மணி 15 நிமிடம் உழைத்திருக்கிறீர்கள். விளக்கம் வரும்வரை உங்கள் பில்லை நிறுத்திவைத்திருக்கிறோம்.

அந்த 26 மணி 15 நிமிடத்தை அவர் எந்தக் கிண்டலும் இல்லாமல், மளிகைக் கணக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தார். அதுதான் சுட்டது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அன்று இரவு நானும் கண் விழித்தேன், சிவனுக்காக அல்ல.

சொந்தமாக வேலை நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அதைப் பிறகு வாடிக்கையாளர் சொல்லும் இணையத் தளத்தில் ஏற்றுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். நிரல் எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், படம் வரைகிறவர்கள் என்று மணிக்கணக்கில் கூலி வாங்குகிற எல்லோருக்கும் இந்தத் தலைவலி உண்டு. எனக்கு இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 230 யூரோவும், இரண்டு வாரக் கடைசிகளும், ஐந்தாறு இரவுத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் முட்டாள்தனங்களையும் மறைக்கவில்லை.

என் நேரக் குறிப்பு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஒரு வேலைக்கு ஒரு வரி. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வேலையின் பெயர். உதாரணமாக, 2024-02-16, 10:05, 11:40, உள்நுழைவுப் பக்கம். அவ்வளவுதான். வேலையை எடுக்கும்போது பாதி வரி, எழுந்திருக்கும்போது மீதி வரி. பல ஆண்டுகளாக இப்படித்தான். மின்சாரம் போனாலும் இணையம் போனாலும் என் கணக்கு என்னிடம் இருக்கும். ஜனவரி 15 அன்று இந்த ஜெர்மன் நிறுவனத்தில் சேர்ந்தபோது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை, மணிக்கு 15 யூரோ வீதம் தருகிறோம், ஆனால் நேரத்தை நாங்கள் சந்தா கட்டும் தளத்தில் பதிய வேண்டும் என்பது. தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். தவறு பெரும்பாலும் என்னுடையது.

ஜனவரியைக் கையால் தட்டச்சு செய்து முடித்தேன். ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதுவது எரிச்சலாக இருந்தது. பிப்ரவரி 3 அன்று, மூன்று நாள் வரிகளையும் காற்புள்ளியால் பிரித்த சி.எஸ்.வி. கோப்பாக மாற்றித் தளத்தில் மொத்தமாக ஏற்றினேன். தேதியை நம் வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்று எழுதியிருந்தேன். தளம் அதை அமெரிக்க வழக்கப்படி மாதம், நாள், ஆண்டு என்று படித்துக்கொண்டது. 1-ஆம் தேதி செய்த வேலை ஜனவரி 2-க்குப் போய் உட்கார்ந்தது. அப்போது நான் அந்த நிறுவனத்தில் சேரவே இல்லை. 3-ஆம் தேதி செய்தது இன்னும் பிறக்காத மார்ச் 2-க்குப் போனது. 2-ஆம் தேதி மட்டும் தப்பித்தது. அதை எந்தப் பக்கம் புரட்டினாலும் 2/2 தானே. மூன்று நாள் வரிகள் என்பதால் அன்றே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன். 12-ஆம் தேதிக்கு மேல் உள்ள வரியாக இருந்தால் 13-ஆவது மாதம் கிடையாது என்று தளமே திருப்பி அனுப்பியிருக்கும். மாதத்தின் முதல் 12 நாட்கள்தான் ஆபத்து, ஏனென்றால் அவை சத்தமில்லாமல் தவறாகப் பதிவாகும். தேதியை எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேச முறை அதுதான். அதைத் தவறாகப் படிக்கிற தளத்தை இதுவரை நான் பார்க்கவில்லை.

இந்தச் சின்ன அடியோடு நான் அடங்கியிருக்கலாம். தொழில் நிரல் எழுதுவது ஆயிற்றே, கை சும்மா இருக்குமா. அந்த வாரமே பைத்தான் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சிறு நிரல், எழுதினேன். என் கோப்பைப் படிக்கும். நிரல்கள் நேரடியாகத் தளத்தோடு பேசும் வாசலான ஏ.பி.ஐ. வழியாக, இந்த மாதத்துக்கு அங்கே என்னென்ன பதிவுகள் இருக்கின்றன என்று கேட்கும். தொடங்கிய நேரத்தை வைத்து ஒப்பிடும். அங்கே இல்லாதவற்றை ஏற்றும். நான் மாத வாடகைக்கு வைத்திருக்கும் ஒரு சிறிய சர்வரில் அதைப் போட்டு, புதன் இரவும் சனி இரவும் 23:30-க்குத் தானாக ஓடும்படி செய்தேன். மடிக்கணினியில் உள்ள கோப்பு தானாகவே சர்வருக்கும் நகலாகும். ஓடி முடிந்ததும் "முடிந்தது, பிழை 0" என்று ஒரு மின்னஞ்சல் வரும். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழனும் ஞாயிறும் அதிகாலை 5 மணிக்கு அந்த மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. இரவு 11.30-க்கு ஓட வேண்டியது ஏன் விடியற்காலையில் ஓடுகிறது என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

215 மணி நேரத்துக்கு வருவோம். என் கோப்பின்படி பிப்ரவரி மொத்தம் 96 மணி 20 நிமிடம். மீதி எங்கிருந்து வந்தது? சிவராத்திரி இரவில் தளத்தைத் திறந்து பிப்ரவரி 16-ஐப் பார்த்தேன். உண்மையில் அன்று நான் நான்கு முறை உட்கார்ந்து 5 மணி 15 நிமிடம் வேலை செய்திருந்தேன். அந்த நான்கு வரிகளும் தளத்தில் ஐந்தைந்து முறை இருந்தன. 18 முதல் 21 வரை உள்ளவை நான்கு முறை. அடுத்த மூன்று நாட்கள் மூன்று முறை. அதற்கடுத்தவை இரண்டு முறை. 29-ஆம் தேதி ஒரே முறை. 15-ஆம் தேதி வரை எல்லாம் ஒழுங்காக ஒரே முறை. படிக்கட்டு மாதிரி இறங்கிய அந்த எண்ணிக்கையைத் தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மணிக்குமேல்தான் புரிந்தது. 15-ஆம் தேதியோடு என் பதிவுகள் சரியாக 50 ஆகியிருந்தன.

தளத்திடம் பட்டியல் கேட்டால் அது ஒரு பக்கத்துக்கு 50 பதிவுகள்தான் தரும். மீதி வேண்டுமென்றால் அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஏ.பி.ஐ. ஆவணத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. நான் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஐம்பதுக்குள் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. 51-ஆவது பதிவிலிருந்து, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் "இது அங்கே இல்லையே" என்று நினைத்து மறுபடி மறுபடி ஏற்றியிருக்கிறது. 17, 21, 24, 28, பிறகு மாதக் கடைசி என்று 29 இரவு நானே கையால் ஓட்டியது. ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் "பிழை 0". ஸ்கிரிப்டின் பார்வையில் அது உண்மைதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒன்றை எழுதினால் ஐந்து வரியை வைத்துச் சோதிக்காதீர்கள். தளத்தில் வெள்ளோட்டத்துக்கென்று ஒரு போலித் திட்டம் உருவாக்கி, அதில் 200 பொய்ப் பதிவுகளைப் போட்டு, ஸ்கிரிப்டை இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாவது முறை ஒரு பதிவுகூட ஏறக் கூடாது. ஏறினால் எங்கோ ஓட்டை. பக்கக் கணக்கு மட்டுமல்ல, இன்னொரு காரணத்தாலும் இரட்டைப் பதிவு வரும். நீங்கள் அனுப்பியது அங்கே பதிவாகிவிடும், ஆனால் "பதிவாகிவிட்டது" என்ற பதில் வழியில் தொலைந்துபோகும். ஸ்கிரிப்ட் தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்பும். என்னுடையதிலும் அப்படி இரண்டு இருந்தன. பதில் வரவில்லை என்றால் உடனே மறுபடி அனுப்பக் கூடாது, முதலில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். பதிலாக 429 என்ற எண் வந்தால் அது வேறு விஷயம். அளவுக்கு மீறிக் கேட்கிறாய், சற்றுப் பொறு என்று பொருள். அப்போது பதிவாகியிருக்காது, காத்திருந்து அனுப்பலாம்.

காரணம் தெரிந்ததும் மனம் லேசாகிவிட்டது. அந்த லேசான மனத்தோடுதான் மறுநாள் பெரிய தவறைச் செய்தேன். முதல் தவறு கணக்கைக் கூட்டிக் காட்டியது. இது கணக்கையே அழித்தது.

சனிக்கிழமை காலை உட்கார்ந்து ஸ்கிரிப்டை இருவழிப் பாதையாக மாற்றினேன். இங்கே நீக்கினால் அங்கேயும் நீங்க வேண்டும், அங்கே நீக்கினால் இங்கேயும். முந்தைய மாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்றுபோல இருந்தால் குழப்பமே வராது என்று நினைத்தேன். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள். பிறகு தளத்தில் உட்கார்ந்து கூடுதல் நகல்களை ஒவ்வொன்றாகக் கையால் நீக்கினேன். மாலை ஆறு மணிக்கு மொத்தம் 96 மணி 20 நிமிடம் என்று வந்தது. அம்மையாருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு அதிகாலை 5 மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடியது. அது பதிவுகளை அடையாளம் கண்டது தொடங்கிய நேரத்தை வைத்து மட்டுமே. நகல்களுக்கும் அசலுக்கும் தொடங்கிய நேரம் ஒன்றுதானே. தளத்தின் முந்தைய பட்டியலில் இருந்த, இப்போது இல்லாமல் போன நகல்களைக் கவனித்தது. "16-ஆம் தேதி 10:05-க்குத் தொடங்கியது நீக்கப்பட்டிருக்கிறது" என்று முடிவு செய்து, என் கோப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டது. பிறகு மறுபக்கம் திரும்பியது. என் கோப்பில் இல்லாதது அங்கே இருக்கிறதே என்று தளத்தில் நான் கவனமாக விட்டுவைத்திருந்த ஒற்றை அசலையும் நீக்கியது. 16 முதல் 28 வரை இரண்டு பக்கமும் துடைத்து வைத்ததுபோலக் காலி. என் கோப்பு நகலாகும் ஏற்பாடும் விசுவாசமாக வேலை செய்ததால் மடிக்கணினியிலும் காலி. மின்னஞ்சல் சொன்னது: "முடிந்தது, பிழை 0."

வயிற்றில் ஏதோ கழன்று விழுந்ததுபோல இருந்தது. கணக்கு கூடுதலாக இருந்தபோது வெட்கம்தான். இப்போது பயம். வெள்ளிக்கிழமை 215, சனிக்கிழமை 96, திங்கட்கிழமை அவர் திறந்து பார்க்கும்போது 45 மணி நேரம்கூட இருக்காது. இவனை எப்படி நம்புவார்கள்? நகல் என்பதும் காப்பு என்பதும் ஒன்றல்ல என்பதை அந்தக் காலையில்தான் புரிந்துகொண்டேன். தானாக நகலாகும் கோப்புறை, அழிவையும் தானாக நகலெடுக்கும். காப்பு என்றால் நேற்றைய நிலை நேற்றைய நிலையாகவே எங்காவது உறைந்து இருக்க வேண்டும். அதிர்ஷ்டவசமாக, பிப்ரவரி 20 அன்று வேறு எதற்கோ பென் டிரைவில் அந்தக் கோப்புறையைப் போட்டிருந்தேன். 20 வரை கிடைத்தது. 21 முதல் 28 வரை, ஏறக்குறைய 30 மணி நேரம், என் நினைவில்தான் இருந்தது. என் நினைவை நானே நம்ப மாட்டேன்.

அடுத்த ஒரு வாரம் நான் செய்தது துப்பறியும் வேலை. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் நிரலைச் சேர்த்த நேரங்கள், வீடியோ கூட்டங்களின் பட்டியல், வாடிக்கையாளருடன் பேசிய அரட்டைச் செய்திகள், எல்லாவற்றையும் ஒரு தாளில் நேர வரிசையில் எழுதினேன். தெருமுனைத் தேநீர்க் கடையில் யு.பி.ஐ. வழியாகக் கட்டிய 12 ரூபாய்கள்கூட உதவின. மாலையில் எழுந்துபோன நேரம் அதில் நிமிடத்தோடு இருக்கிறது. இப்படி 14 மணி 40 நிமிடத்தை ஆதாரத்தோடு நிறுவினேன். மீதி 15 மணி 20 நிமிடம் யோசித்த நேரம், படித்த நேரம், தாளில் வரைந்து பார்த்த நேரம். அதற்கு எங்கும் தடயம் இல்லை. அதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ, 26 மணி நேர நாளுக்குப் பிறகு கேட்க வாய் வரவில்லை. 230 யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 20,700 ரூபாய். பிப்ரவரிப் பணம் மார்ச் நடுவில் வர வேண்டியது ஏப்ரல் 19 அன்று வந்தது. இடையில் வீட்டு வாடகைக்கு மைத்துனரிடம் கைநீட்டினேன். அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இந்தத் துப்பறியும் வேலையின் நடுவில்தான் அதிகாலை மின்னஞ்சலின் மர்மமும் விடுபட்டது. மீட்ட பதிவுகளை ஏற்றிய பிறகும் வாரக் கணக்கு உதைத்தது. உதாரணமாக, பிப்ரவரி 11, ஞாயிறு இரவு 11.10 முதல் 12.40 வரை வேலை செய்திருந்தேன். அப்போது ஹாம்பர்க்கில் ஞாயிறு மாலை 6.40. தளத்திலோ அது திங்கள் 00:10 என்று இருந்தது. அதாவது அடுத்த வாரம். அந்த வாரத்தில் ஏற்கெனவே 24 மணி நேரம் இருந்ததால் 25 என்ற வரம்பை மீறிவிட்டது. காரணம், என் கோப்பில் 23:10 என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த ஊர் 23:10 என்று இல்லை. எனக்குத் திருநெல்வேலி என்பது தெரியும், சர்வருக்குத் தெரியாது. பெரும்பாலான வாடகை சர்வர்கள்போல அதன் கடிகாரமும் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருந்தது. ஆகவே எல்லாப் பதிவுகளும் ஐந்தரை மணி நேரம் தள்ளி ஏறியிருக்கின்றன. இரவு 11.30-க்கு ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் காலை 5 மணிக்கு ஓடியதும் அதனால்தான். ஐந்தரை மணி நேர வித்தியாசம் வாரம் இரண்டு முறை என் கைப்பேசிக்கு வந்து வணக்கம் சொல்லியிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

நம் நாட்டுக் கடிகாரம் ஆண்டு முழுவதும் யு.டி.சி.க்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கும். அசையாது. அந்தச் சுகத்தில் நாம் நேரத்தை எழுதும்போது ஊரை எழுதுவதே இல்லை. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் அமெரிக்கா மாறியிருக்கும், ஐரோப்பா மாறியிருக்காது. இரண்டு பக்கமும் வாடிக்கையாளர் இருப்பவர்கள் அந்த வாரங்களைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டு வைப்பது நல்லது. இதற்குத் தீர்வு எளிது. நேரத்தோடு +05:30 என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால், எந்த ஊர் சர்வர் படித்தாலும் தவறாது. நேரம் குறிக்கும் ஆயத்தக் கருவிகளில் டைம்வாரியர் எல்லாவற்றையும் யு.டி.சி.யில் சேமிக்கிறது. ஈமாக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பானில் உள்ள ஆர்க்-மோடின் கடிகார வரிகளில் நேர மண்டலம் கிடையாது, என் கோப்பு மாதிரியேதான். நீங்கள் எதைப் பயன்படுத்தினாலும் அது சேமிக்கும் கோப்பை ஒரு முறை திறந்து கண்ணால் பாருங்கள்.

பணத்தைவிட வேறொன்று உறுத்தியது. என் வரிகளில் வேலையின் பெயரோடு எனக்கு நானே எழுதிக்கொள்ளும் புலம்பல்களும் இருக்கும். ஸ்கிரிப்ட் பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் ஏற்றியிருந்தது. பிப்ரவரி 13-இல் ஒரு வரி: "மறுபடியும் பொத்தான் நிறம். நான்காவது முறை. தலையெழுத்து." கணக்காளர் அம்மையார் விசாரணையின் போது என் விளக்கங்களை எல்லாம் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்திருக்கிறார். எந்தப் பக்கத்தின் தலைப்பு எழுத்தை நான்கு முறை மாற்றினீர்கள், அது ஒப்பந்தப் பட்டியலில் இல்லையே என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், அது ஒரு தமிழ் வழக்கு என்று மட்டும் பதில் எழுதினேன். ஆனால் இன்னொரு வரியில் வேறொரு வாடிக்கையாளரின் பெயரும் அவர்களது வெளிவராத திட்டத்தின் பெயரும் இருந்தன. அது சிரிக்கக்கூடிய விஷயமல்ல. இப்போது ஒவ்வொரு வரியிலும் வெளியே போகக்கூடிய சொற்களைத் தனியாகவும் என் புலம்பலை ஒரு செங்குத்துக் கோட்டுக்குப் பின்னாலும் எழுதுகிறேன். கோட்டுக்குப் பின்னால் இருப்பது வெளியே போகாது. தளத்தின் ரகசியத் திறவுச்சொல்லையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். அதைத் தனிக் கோப்புக்கு மாற்றினேன். ஸ்கிரிப்டை நண்பருக்குக் காட்டினால் வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

சரிசெய்த கதையில் என் சித்தப்பாவுக்குப் பங்கு உண்டு. விருதுநகரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நாற்பது ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கணினியைத் தொட்டதில்லை. மார்ச் கடைசியில் வீட்டுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். ஸ்கிரிப்ட், ஏ.பி.ஐ. எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

"குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றியிருக்கிறாய். சரி. ஏற்றியதும் ஓரத்தில் பே.ப.எண் எழுதினாயா?" என்றார்.

"இல்லை, சித்தப்பா."

"பிறகு எதை ஏற்றினோம், எதை ஏற்றவில்லை என்று எப்படித் தெரியும்? ராத்திரி யார் வந்து ஏற்றினாலும் இரண்டு தடவைதான் ஏறும்."

பள்ளியில் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு அந்தக் குறுகலான பத்தி நினைவிருக்கும். பேரேட்டுப் பக்க எண். அன்றன்றைக்கு எழுதும் குறிப்பேட்டில் உள்ள வரி, கணக்குவாரியாகப் பிரித்து எழுதும் பேரேட்டில் எந்தப் பக்கத்துக்குப் போனது என்பதை அந்த வரியின் ஓரத்திலேயே எழுதுவார்கள். எண் இருந்தால் ஏற்றியாகிவிட்டது. இல்லையென்றால் ஏற்ற வேண்டியது பாக்கி. நான் ஒவ்வொரு முறையும் பேரேட்டை முழுக்கப் புரட்டி, இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன், அதிலும் முதல் பக்கத்தை மட்டும். தளம் ஒவ்வொரு புதிய பதிவுக்கும் ஓர் எண் தருகிறது. பதிலில் அது வருகிறது. அதை நான் வாங்கித் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன். இப்போது அந்த எண் என் கோப்பில் அந்தந்த வரியின் கடைசியில் போய் உட்காருகிறது. எண் உள்ள வரியை ஸ்கிரிப்ட் தொடாது. நான் திருத்தினால், அதே எண்ணுள்ள பதிவைத் திருத்தும், புதிதாக உருவாக்காது.

அவர் சொன்ன இன்னொன்று: "பேரேட்டைப் பார்த்துக் குறிப்பேட்டை யாராவது திருத்துவார்களா?" இருவழிப் பாதையை அன்றே மூடினேன். என் கோப்புதான் குறிப்பேடு. தளம் பேரேடு. ஒரே திசையில்தான் போகும். தளத்தில் யாராவது எதையாவது மாற்றினால் ஸ்கிரிப்ட் எனக்குச் சொல்லும், என் கோப்பில் கை வைக்காது. எதையும் நீக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. நீக்க வேண்டுமென்றால் நான் போய் நீக்குவேன். பில் அனுப்பிய மாதம் பூட்டிய மாதம். அதன் பிறகு அந்த மாதத்தைத் திருத்த வேண்டியிருந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு அடுத்த மாதத்தில் சரிக்கட்டுவேன்.

சின்னச் சின்ன மாற்றங்களும் உண்டு. முடிவு நேரம் இல்லாத வரியை ஸ்கிரிப்ட் ஏற்றுவதில்லை. முன்பு ஒரு முறை, நிறுத்த மறந்த வேலை தளத்தில் 14 மணி நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. மொத்தங்களை நிமிடத்தில்தான் கூட்டுகிறேன். 1 மணி 45 நிமிடத்தை 1.45 என்று பில்லில் எழுதி 18 நிமிடக் கூலியை இழந்தவன் நான் மட்டும் இருக்க முடியாது, அது 1.75. அனுப்பும் முன் எதை அனுப்பப்போகிறது என்று ஸ்கிரிப்ட் பட்டியல் காட்டும். நான் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஏறும். தானாக ஓடும் ஏற்பாட்டை எடுத்தே விட்டேன். சனிக்கிழமை காலை தேநீரோடு ஐந்து நிமிடம் ஆகிறது. ஏறிய பிறகு "பிழை 0" என்று வருவதில்லை. நாள்வாரியாக இரண்டு எண்கள் வருகின்றன, என் கோப்பின் மொத்தம், தளத்தின் மொத்தம். பக்கத்துப் பக்கத்தில். இது ஒன்று மட்டும் அன்றைக்கே இருந்திருந்தால் பிப்ரவரி 22 காலையே எல்லாம் தெரிந்திருக்கும், சிவராத்திரி சிவராத்திரியாகவே போயிருக்கும். கோப்பின் காப்பு வாரம் ஒரு முறை தேதியோடு தனியாகப் போய்விடுகிறது, பழையதன் மேல் எழுதுவதில்லை.

அதன் பிறகு ஏழு மாதம் கணக்காளர் அம்மையாரிடமிருந்து எந்தக் கேள்வியும் இல்லை. அக்டோபரில் ஒன்று வந்தது. தீபாவளிக்கு விடுப்பு எடுக்க வேண்டும் என்று அக்டோபர் 27, ஞாயிறு அதிகாலை 5.30 முதல் 7.30 வரை உட்கார்ந்து வேலையை முடித்திருந்தேன். அவரது அறிக்கையில் அது இரவு 2 மணி முதல் 3 மணி வரை என்றும், மொத்தம் 2 மணி நேரம் என்றும் வந்திருக்கிறது. ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு மணி நேரம் எப்படி உழைத்தீர்கள் என்று, பழையபடியே, கிண்டல் இல்லாமல் கேட்டிருந்தார். பழைய பயம் ஒரு நொடி வந்து போனது. கோப்பைத் திறந்தேன். +05:30 இருந்தது. ஓரத்தில் பே.ப.எண் இருந்தது. காலண்டரில் அந்த ஞாயிறு சிவப்பில் இருந்தது. உங்கள் ஊரில் அன்று இரவு 3 மணிக்குக் கடிகாரத்தை 2-க்குத் திருப்பி வைத்தீர்கள், அந்த ஒரு மணி நேரம் இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் நான் வேலை செய்தேன் என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "மன்னிக்கவும். இரண்டு முறையும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்."